ஞாயிறு யாருக்குச் சொந்தம்?

குருவானவர் இறுதி ஆசீர் வழங்குமுன்னரே ஆலயத்தின் பின்வரிசைகள் காலியாகிவிடுவதை இன்று நமது பங்குகள் பலவற்றில் காண்கின்றோம். முற்றத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமுகின்றன. ஏழரை மணி ரியூசன் வகுப்பில் மகனை இறக்கவேண்டும். எட்டு மணிக்குக் கடை திறக்கவேண்டும். பட்டணத்து மார்க்கற்றில் மீன் முடியுமுன் போய்ச் சேரவேண்டும். இவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அதிகாலையில் எழுந்து பிள்ளைகளையும் எழுப்பிப் பூசைக்கு வந்தவர்கள் இவர்கள். வராமல் படுத்திருந்தவர்களைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு கேள்வி என்னை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கின்றது. மூன்றாம் கட்டளை நம்மிடம் இரண்டு காரியங்களைக் கேட்கின்றது. ஒன்று, ஆண்டவரின் நாளில் அவரை வழிபடுவது. மற்றது, அந்நாளில் வேலையை விட்டு இளைப்பாறுவது. முதலாவதை எப்படியோ காப்பாற்றி வருகின்றோம். இரண்டாவதை மெல்ல மெல்லக் கைநழுவ விட்டுவிட்டோம். இரண்டாவது போனபின் முதலாவது எவ்வளவு காலம் நிற்கும்?

இக்கேள்வி எங்கள் தலைமுறைக்குப் புதியதல்ல. 1966ஆம் ஆண்டு தை மாதம் தொடக்கம் நமது நாட்டில் ஞாயிறு ஒரு வேலைநாளாக இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். சனியும் ஞாயிறும் விடுமுறை என்ற ஒழுங்கை எடுத்துவிட்டு, சந்திரனின் நான்கு நிலைகளைப் பின்பற்றும் போயா நாட்களையும், அவற்றிற்கு முந்திய நாளில் அரைநாளையும் விடுமுறையாக்கினார்கள். அமாவாசை, பௌர்ணமி, இடையில் இரண்டு அட்டமிகள். சந்திரன் நம் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்படாதபடியால் இந்த வாரம் செவ்வாயில் விழுந்த போயா சில மாதங்களில் புதனுக்கோ வியாழனுக்கோ நகர்ந்துவிடும். சில வாரங்கள் ஒரு நாள் நீண்டும் போகும். 1971ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் பழைய ஒழுங்கு திரும்பியது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது.

அப்போது நான் பாடசாலைச் சிறுவன். ஐயா கந்தோரில் எழுதுவினைஞர். ஞாயிறு காலை ஐந்து மணிப் பூசைக்கு இருட்டில் நடந்துபோவோம். திரும்பி வந்து, அவசரமாகப் பாணைக் கடித்துக்கொண்டு, அவர் கந்தோருக்கும் நான் பாடசாலைக்கும் ஓடுவோம். காலையில் முடியாதவர்களுக்கு மாலைப் பூசை இருந்தது. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் மாலைப் பூசைக்கு அனுமதி கொடுத்திருந்தது அந்நாட்களில் நமக்கு எவ்வளவு உதவியாயிற்று என்பதை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன்.

அந்த ஒழுங்கைப்பற்றி நம்மவர் பலர் கசப்புடன் பேசுவதுண்டு. நியாயமாகப் பார்த்தால், பெரும்பான்மையான பௌத்த மக்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்நியர் ஆட்சி கொண்டுவந்து வைத்த ஞாயிறு, கிறீஸ்தவரல்லாத பெருந்தொகையினருக்கும் ஏன் ஓய்வுநாளாக இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதைப் பகைமை என்று தள்ளிவிட முடியாது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் நமது சைவ அயலவருக்கு எந்த அரசாங்கமும் வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கிக் கொடுக்கவில்லை. அவர்கள் அதற்காக விரதத்தை விட்டுவிடவுமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போயா ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு ஓய்வு இல்லாமற் போகவில்லை. போயா தினத்தில் ஐயாவுக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம், கடற்கரைக்குப் போனோம், ஆச்சி வீட்டுக்குப் போனோம். நாங்கள் இழந்தது வேறு. வழிபாடு ஒரு நாளிலும் இளைப்பாறுதல் வேறொரு நாளிலுமாகப் பிரிந்துபோயின. பூசை, வேலைக்குப் போகும் வழியில் செய்துவிட்டுப் போகும் ஒரு காரியமாயிற்று. போயா நாள் சும்மா இருக்கும் நாளாயிற்று. எங்கள் ஊரில் இந்த மாற்றத்துக்கு இடங்கொடாதவர்கள் கடற்றொழிலாளர் மட்டுமே. அரசாங்கம் எந்த நாளை அறிவித்தாலென்ன, சனி மாலைக்குப் பின் அவர்களுடைய வள்ளம் கரையில்தான் நின்றது. ஞாயிறு காலை நாங்கள் புத்தகப் பையுடன் ஓடும்போது, அவர்களுடைய பிள்ளைகள் வெள்ளைச் சட்டையுடன் ஆலய முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அவர்கள்மேல் பொறாமை.

இனி, ஓய்வு இல்லாமல் வழிபாடு நிற்குமா என்ற கேள்விக்கு வருவோம். திருச்சபையின் வரலாறு, நிற்கும் என்றே பதில் சொல்லுகின்றது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறீஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை இருக்கவில்லை. அவர்களுள் பலர் அடிமைகள். எசமான் எழும்புமுன் எழுந்து, விடியுமுன் கூடி, அப்பம் பிட்டு, வேலைக்குத் திரும்பினார்கள். 304ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் அபித்தீனா நகரைச் சேர்ந்த நாற்பத்தொன்பது பேர், ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகப் பிடிக்கப்பட்டு உயிரைக் கொடுத்தார்கள். தங்களால் அந்தக் கூட்டம் இல்லாமல் வாழமுடியாது என்பதே அவர்கள் நீதிபதிக்குச் சொன்ன பதில். 321இல்தான் கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிறை ஓய்வுநாளாக்கிச் சட்டம் இயற்றினான். நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஓய்ந்திருக்க வேண்டும். விதைப்பும் அறுப்பும் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டவை ஆதலால் கமக்காரனுக்கு விலக்கு. கடற்றொழிலாளியைப்பற்றி அச்சட்டம் பேசவில்லை. அவனுக்கும் காற்றும் நீரோட்டமும் உண்டென்பதைச் சக்கரவர்த்திக்கு எடுத்துச்சொல்ல யாரும் இருக்கவில்லைப் போலும்.

ஆகவே ஓய்வில்லாமலும் விசுவாசம் வாழும். அப்படியானால் கடவுள் ஓய்வை ஏன் கட்டளையாகக் கொடுத்தார்? நல்ல ஆலோசனையாகச் சொல்லி விட்டிருக்கலாமே!

வேதாகமம் இதற்கு இரண்டு காரணங்கள் தருகின்றது. யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில், கடவுள் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது காரணம். இதை நாமெல்லாரும் அறிவோம். மறைக்கல்வி வகுப்பில் படித்தது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வருகின்ற காரணத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அங்கே படைப்பைப்பற்றிய பேச்சே இல்லை. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், ஆண்டவர் உன்னை விடுவித்தார், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறட்டும் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். அந்த எகிப்தில் என்ன நடந்தது? ஆண்டவருக்குப் பலியிட மக்களைப் போகவிடும்படி மோயீசன் கேட்டபோது, இவர்களுக்கு வேலை போதாது, சோம்பேறிகள், அதனால்தான் வழிபாடு என்று பேசுகின்றார்கள் என்று பாரவோன் சொன்னான். வைக்கோலை நிறுத்தினான், செங்கல் எண்ணிக்கையைக் குறைக்க மறுத்தான். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று அழைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

எனவே ஓய்வுநாள் என்பது, நான் எவனுக்கும் அடிமையல்ல, எனக்குக் கீழுள்ளவனும் எனக்கு அடிமையல்ல என்று வாரத்துக்கு ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லும் நாள். அதனாற்றான் 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப்பற்றி எழுதிய சுற்றுமடலில் கூலியோடு சேர்த்து ஞாயிறு ஓய்வையும் ஓர் உரிமையாக வைத்தார். அந்த ஓய்வு வெறும் சோம்பலாகவோ, காசைக் கரைத்துக் கெட்டுப்போவதற்கான நேரமாகவோ இருக்கலாகாது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். நமது ஊர்களில் ஞாயிறு பிற்பகல் எங்கே அதிக கூட்டம் நிற்கின்றது என்று அறிந்தவர்களுக்கு அவர் எச்சரிக்கையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஓய்வு ஒரு நாள் இருந்தாற் போதுமா, எல்லாருக்கும் ஒரே நாளாக இருக்கவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதை ஒரு நாடு சோதித்துப் பார்த்துவிட்டது. 1929இல் சோவியத் ரஷ்யாவில் யந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று ஐந்து நாள் வாரம் ஒன்றை உண்டாக்கினார்கள். தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு. கணக்குப்படி, ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது; தொழிலாளிக்கு இலாபம்! ஆனால் கணவனுக்கு ஓய்வான நாளில் மனைவி ஆலையில். மனைவிக்கு ஓய்வான நாளில் பிள்ளை பாடசாலையில். வெறும் வீட்டில் தனியே குந்தியிருப்பதற்கா விடுமுறை என்று தொழிலாளர்களே முறையிட்டார்கள். 1931இல் அந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் கைவிட்டு எல்லாருக்கும் பொதுவான ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940இல் ஞாயிறே திரும்பிவந்தது. மதத்தை வேரறுக்க முயன்ற ஓர் ஆட்சியே குடும்பத்துக்குப் பொதுநாள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அந்தச் சோதனை இப்போது நம்முடைய வீடுகளுக்குள், ஒரு சட்டமும் இல்லாமல், தானாகவே நடக்கின்றது. கடை, கந்தோர் ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உண்டென்று நமது நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகின்றது. அது எந்த நாள் என்பது கடைக்காரரின் வசதி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கு ஞாயிறு விடுமுறை. மூத்த மகள் சுப்பர் மார்க்கற் ஒன்றில் காசாளர், அவளுக்குச் செவ்வாய். உயர்தரம் படிக்கும் மகனுக்கு ஏழு நாளும் வகுப்பு. தாய்க்கு எந்த நாளும் இல்லை. நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் இருந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டேன். நத்தாருக்கு என்றார்கள். சற்று யோசித்து, செத்தவீடு ஒன்றிலும் என்றார்கள். இக்குடும்பத்தில் சண்டை இல்லை, குடி இல்லை, பூசைக்கும் தவறுவதில்லை. ஆனால் மகளுக்கு வேலையிடத்தில் ஒரு துன்பம் இருந்ததைத் தாய் ஆறு மாதம் கழித்து அயல்வீட்டுக்காரியிடமிருந்து அறிந்தாள். பிள்ளைகள் பெரிய காரியங்களைக் கேட்டவுடன் சொல்லிவிடுவதில்லை. வேலையில்லாமல் பக்கத்தில் இருக்கும்போது, மூன்றாவது மணித்தியாலத்தில், வேறேதோ பேசிக்கொண்டிருக்கையில் சொல்லுவார்கள். அந்த மூன்றாவது மணித்தியாலம் நமது வீடுகளில் இல்லாமற் போய்விட்டது.

இங்கே நான் ஒரு மனிதருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன். என்னிடம் படித்தவர், இன்று மூன்று பிள்ளைகளின் தகப்பன், கடற்றொழில் செய்கின்றார். ஒரு ஞாயிறு மதியம் அவர் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்ததைக் கண்டு, "என்ன தம்பி, இண்டைக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மாஸ்ரர், சனிக்கிழமை இரவு நான் கரையில நிக்கிறது கடவுளுக்காக எண்டு சுவாமி நினைக்கிறார். அது ரோலருக்காக. திங்கள், புதன், சனி மூண்டு இரவும் அவங்கட. மிச்சம் நாலு இரவுதான் எங்கட. அதிலையும் ஒண்டைக் கடவுளுக்குக் குடுத்தா, நான் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ."

அவர் சொன்னது மிகையல்ல. தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நாள் பிரித்துக் கொடுத்திருக்கின்றார்கள். இழுவைப்படகுகளின் நாட்கள் அவர் சொன்ன அந்த மூன்றும். அந்த இரவுகளில் நம்மவர் வலை விரித்தால் காலையில் வலை மிஞ்சாது. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடித் தொழில் 2017இல் நமது நாட்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது; எல்லைக்கு அப்பாலிருந்து வருவதைச் சட்டம் தடுத்துவிடவில்லை. அதிலும் ஒரு வேதனை உண்டு. அப்படகுகளில் கூலிக்கு வருபவர்களுள் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கரும் இருக்கின்றார்கள். சனி இரவு முழுவதும் மடி இழுத்துவிட்டு ஞாயிறு காலை கரை சேரும் அவர்களுக்கும் பூசையும் இல்லை, உறக்கமும் இல்லை. படகு அவர்களுடையதல்ல. பாரவோன் இக்கரையிலும் இல்லை, அக்கரைக் கூலியாட்களுள்ளும் இல்லை. எங்கோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

சனி இரவு கரையில் நின்றும், அந்த மனிதருக்கு ஞாயிறு ஓய்வாக இல்லை. பூசை முடிந்து வந்ததும் கிழிந்த வலையைப் பொத்தவேண்டும். இரவுத் தொழில் செய்பவனின் வீட்டை அறியாதவர்கள் இதை விளங்கிக்கொள்ள மாட்டார்கள். வாரநாட்களில் அவன் பகலில் உறங்குவான். பிள்ளைகள் சத்தம் போடாமல் நடக்கவேண்டும். அவர்கள் பாடசாலையால் வரும்போது அவன் கடலுக்கு வெளிக்கிடுவான். பழைய ஞாயிறு அவனுக்குத் தன் பிள்ளைகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கும் நாளாக இருந்தது.

நான் அவருக்கு என்ன சொல்வது? திருச்சபை அவருக்குக் குற்றம் சாட்டவில்லை; குடும்பத்தின் தேவை நியாயமான காரணம் என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலே ஒப்புக்கொள்ளுகின்றது. அந்த விலக்கு, வழிபாட்டையும் குடும்ப வாழ்வையும் உடல்நலத்தையும் கெடுக்கும் வழக்கமாக மாறிவிடக்கூடாது என்றும் அதே இடத்தில் எச்சரிக்கின்றது. ஆனால் வழக்கமாக்கியது அவரல்லவே! இதனாற்றான் 1998இல் ஆண்டவருடைய நாளைப்பற்றித் திருத்தூது மடல் எழுதிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், நாட்டின் சட்டங்கள் ஞாயிறைக் கனம்பண்ணும்படி கிறீஸ்தவர்கள் முயலவேண்டும் என்று கேட்டார். தனி மனிதனின் பக்தியால் மட்டும் இது ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒருவன் மட்டும் வலையைக் கரையில் வைத்தால் அவன் பிள்ளை பட்டினி. ஊரே வைத்தால் அது ஊரின் வழமை. சந்தையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கடற்றொழிலாளர் சங்கங்கள் பேசவேண்டிய காரியம் இது. பங்குச் சபையும் உடனிருக்க வேண்டிய காரியம். அதுவரை, ஞாயிறு மதியம் வலை ஏற்றுபவரைக் கரையில் நின்று கேள்வி கேட்கும் உரிமை, ஓய்வூதியம் வாங்கும் என் போன்றவர்களுக்கு இல்லை.

ஆனால் ரியூசன் வேறு. இங்கு நமக்குப் பட்டினி என்ற சாட்டு இல்லை. ஞாயிறு காலை வகுப்புகளை நிறுத்தும்படி சமயத் தலைவர்கள் கேட்கும்போதெல்லாம் ஆசிரியர்மேல் பழியைப் போடுகின்றோம். நானும் ஆசிரியனாக இருந்தவன், உண்மையைச் சொல்லுகின்றேன். பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாவிட்டால் எந்த ஆசிரியரும் வெறும் வாங்குகளுக்குப் படிப்பிக்கமாட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடும் என்ற பயமே நம்மை விரட்டுகின்றது. வனாந்தரத்தில் ஏழாம் நாளும் மன்னா பொறுக்கப் புறப்பட்டவர்களை அந்தப் பயந்தான் விரட்டியது. அவர்கள் ஒன்றையும் காணாமல் திரும்பினார்கள். ஏழு நாளும் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஞாயிறு எதைப் பொறுக்கிக்கொண்டு வருகின்றார்கள் என்பதை முன்வரிசையில் இருந்து கொட்டாவி விடுபவர்களைப் பார்த்தால் தெரியும். மறைக்கல்வி வகுப்பு ஒன்பதாம் ஆண்டுடன் வெறுமையாகிவிடுகின்றது; அந்த வயதில்தான் பிள்ளைக்குக் கடவுளைப்பற்றிய கேள்விகள் வருகின்றன.

கடைசியாக, குசினி. உபாகமம் ஓய்வு பெறவேண்டியவர்களை வரிசையாகச் சொல்லுகின்றது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கும் அந்நியன். மனைவியின் பெயர் அதில் இல்லை. ‘நீ’ என்ற சொல்லில் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர்கள் சொல்லுவார்கள். நம்முடைய வீடுகளில் அவள் அடக்கமாகவே இருந்துவிடுகின்றாள்! வாரத்திலேயே கடினமான சமையல் ஞாயிறுச் சமையல். ஆட்டிறைச்சிக் கறி, இரண்டு மரக்கறி, சொதி. பூசைக்குப்பின் வரும் விருந்தினருக்குத் தேத்தண்ணீர். அந்த இளைப்பாறும் நாளில் இளைப்பாறாத ஒருத்தியின் முதுகில் ஏறித்தான் மற்றவர்கள் இளைப்பாறுகின்றோம். நாற்பது ஆண்டு இதை நான் கவனிக்கவில்லை. ஞாயிறின் மகத்துவத்தைப்பற்றிப் பங்கு மண்டபத்தில் பேசிவிட்டு வந்து, சாப்பாடு ஏன் பிந்தியது என்று கேட்டவன் நான்.

என் மனைவி நோயுற்று மூன்று மாதம் படுத்தபோதுதான் குசினிக்குள் போனேன். இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறுக்கான தேங்காய் சனி மாலை துருவப்படுகின்றது, துருவுவது நான். இறைச்சி சனி இரவே கறியாகிவிடும். அடுத்தநாள் சூடாக்கினால் ருசி கூட என்று மருமகள் சொல்லுகின்றாள், அதை நம்புகின்றேன். ஞாயிறு ஒரு சோறு மட்டும். பூசையால் வந்தபின் என் மனைவி வெளி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருக்கிறாள். முதல் சில வாரங்கள் அவளால் இருக்க முடியவில்லை. ஏதோ மறந்துவிட்டதுபோல எழுந்தெழுந்து உள்ளே போனாள். இப்போது இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் வந்து பக்கத்தில் குந்துகின்றார்கள். போன ஞாயிறு மூத்தவன், உயர்தரப் பரீட்சைக்கு இருப்பவன், தனக்குக் கணிதப்பிரிவில் விருப்பமில்லை என்பதை அவளிடந்தான் முதலிற் சொன்னான்.